கோபம் வராத மாட்யூல்

"இது பழுது."

செல்வின் பெட்டியை வச்ச வேகத்துல மேசையில கிடந்த ஸ்க்ரூ எல்லாம் துள்ளித் தரையில விழுந்துச்சு.

டீச்சர் தலையத் தூக்கல. சால்டரிங் முனையில புகை வந்துக்கிட்டிருந்துச்சு. அந்தப் புள்ளிய முடிச்சுட்டுத்தான் நிமிர்ந்தாங்க.

"என்ன பழுது, அண்ணாச்சி?"

"கோபம் வரமாட்டேங்குது."

டீச்சர்னா பள்ளிக்கூட டீச்சர்னு நினைச்சுராதீங்க. பேரு மெஹர்பானு. மேலப்பாளையத்துல ஒரு மிக்சி ரிப்பேர் கடைக்கு மேல மாடியில உக்காந்து, எலக்ட்ரானிக் வாத்தியத்துக்கு மாட்யூல் செய்யுதவங்க. ஒரு மாட்யூல் சத்தம் உண்டாக்கும், ஒண்ணு அதை ஏத்தி இறக்கும், இன்னொண்ணு அதுக்கு ஆட்டம் குடுக்கும். எல்லாத்தையும் ஒரு பெட்டியில மாட்டி, வயர் போட்டுக் கோத்தாத்தான் அது வாத்தியம். வாங்க வாரவங்களுக்கு வாசிக்கவும் அவங்களே சொல்லிக் குடுப்பாங்க. அதனால நாப்பத்தேழு வயசு செல்வினுக்கும், தன்னைவிடச் சின்னவங்களா இருந்தாலும், அவங்க டீச்சர்.

செல்வின் பாளையங்கோட்டைக்காரரு. சர்ச்சுல ஆர்கன் வாசிக்கவரு. தங்கச்சி டார்கஸ் அதே சர்ச்சுல கொயர் லீடர். அண்ணன் வாசிப்பான், தங்கச்சி பாடுவா. வருஷக் கணக்கா அப்படித்தான் நடந்துச்சு, யாரும் குறை சொல்லல.

அப்புறம் செல்வின் டீச்சர்கிட்ட வந்து பெட்டி வாங்குனாரு. வாங்குனவரு வீட்டுல வச்சு வாசிக்கப்படாதா? ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குத் தூக்கிட்டுப் போனாரு. பாதிரியார் ஜெபம் பண்ணி முடிக்கிற நேரம் பாத்து, கொர்ர்ருன்னு ஒரு சத்தத்தை விட்டாரு. ஜனம் எந்திரிச்சுப் போகாம கையா தட்டும்?

"கோபம் வரலன்னா? விவரமாச் சொல்லுங்க."

செல்வின் போனை எடுத்து நீட்டுனாரு. "இதைக் கேளுங்க. என் கூடப் பிறந்தவ அனுப்புனது."

போன்ல டார்கஸ் குரல் வெடிச்சுச்சு.

"அண்ணே, கிறிஸ்மஸ் ஆராதனைக்கு இந்த வருஷம் நீ வாசிக்காண்டாம். கமிட்டில சொன்னதே நான்தான். நீ வாசிக்க வாசிக்க ஜனம் எந்திரிச்சுப் போவுது. மீறி நீ வந்தா நான் பாட மாட்டேன். அவ்வளவுதான்!"

"கேட்டீங்களா? எப்படி இருக்கு?"

"கோபமா இருக்கு."

"இருக்குல்ல? இதை அப்படியே மாட்யூல்ல ஏத்துனேன். இப்போ போட்டா, பச்சப்புள்ள கொட்டாவி விடுத மாதிரி சத்தம் வருது."

செல்வின் ஏத்துனது வேவ்டேபிள் ஆசிலேட்டர்ங்கிற மாட்யூல்ல. அதோட வேலை இதுதான். ஒரு குரலைக் குடுத்தா, அதுல அங்கங்க ஒரு மயிரிழை கனத்துக்குத் துண்டு எடுத்து வரிசையா அடுக்கி வச்சுக்கும். மேல இருக்க குமிழ்த் திருகை எந்தத் துண்டுல நிறுத்துறோமோ, அந்த ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி ஒரு சுருதியா நீட்டும். திருகைத் திருப்புனா அடுத்த துண்டு, அதுக்கடுத்த துண்டுன்னு போகும்.

"இதை வச்சு என்ன செய்யப் போறீங்க?"

"இன்னைக்குச் சாயங்காலம் காலேஜ் ஹால்ல எனக்கு நிகழ்ச்சி இருக்கு. அவளும் வாரா, கொயர் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு." செல்வின் போனை மேசையில தட்டுனாரு. "அவ குரலை எடுத்து, அவ முன்னாலயே, நாய் குரைக்க மாதிரிக் குரைக்க விடப் போறேன். இது டார்கஸ்தான்னு ஹால் பூரா தெரியணும். பிள்ளைங்க சிரிக்கணும். அதுக்கப்புறம் அவ இந்த ஊர்ல எந்த மேடையிலயும் வாயைத் திறக்கப்படாது."

"அதுக்கப்புறம் உங்க வீட்டுக்கு வருவாங்களா?"

"வராண்டாம்!"

"நீங்க அங்க போவீங்களா?"

"என் பொணம் கூடப் போகாது!"

சொன்ன வேகத்துல எச்சி தெறிச்சு மாட்யூல் மேல விழுந்துச்சு. டீச்சர் ஒரு துணிய எடுத்து நீட்டுனாங்க. செல்வின் தொடச்சாரு. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், பெட்டி மேல அவருக்கு உயிரு.

"சரி. பழுதைக் காட்டுங்க."

"நீங்க பாத்துச் சொல்லுங்க, டீச்சர்! செஞ்சது நீங்கதானே?"

"நீங்க காட்டாம நான் தொட மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

தெரியும். அவங்க கடைக்கு வந்த எல்லாருக்கும் தெரியும். மாட்யூல் செய்ய வர்றதுக்கு முந்தி, டீச்சர் ஜங்ஷன் பக்கம் ஒரு காது மிஷின் கடையில வேலை பாத்தாங்க. ஒரு நாள் ஒருத்தரு வந்து, மிஷின் சரியில்ல, எல்லாரு பேச்சும் கேக்கு, எம் பொண்டாட்டி பேச்சு மட்டும் இரைச்சலா விழுதுன்னு சண்டைக்கு நின்னாரு. மிஷினை மூணு தடவை பிரிச்சுப் பாத்தும் பழுது அகப்படல. நாலாந் தடவை வந்தப்போ, பொண்டாட்டியையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்புனாங்க. ஆளு அதோட வரல. அன்னைல இருந்து இவங்களுக்கு இந்தச் சட்டம். கொண்டு வந்தவங்களே பழுதைச் சத்தமா எழுப்பிக் காட்டணும். அதுவரைக்கும் ஸ்க்ரூ டிரைவர் மேசையில கிடக்கும்.

"கோபம் உள்ள துண்டு எதுன்னு கண்டுபிடிச்சுக் காட்டுங்க, அண்ணாச்சி. அது சரியா ஓடலன்னா நான் புது மாட்யூலே தாரேன்."

"இது ஒரு வேலையா? இப்பமே காட்டுதேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. பெட்டியை முடுக்குனாரு. மாட்யூல்ல இருக்க சின்னத் திரையில கோப்போட பேரு வந்துச்சு: டார்கஸ் திட்டு.

டீச்சர் அதைப் பாத்தாங்க.

செல்வின் திருகை முதல் துண்டுல வச்சாரு. 'ஆ'ன்னு ஒரு நீட்டல்.

"இது இல்ல."

அடுத்தது. 'எ'.

"இதுவும் இல்ல."

அடுத்தது. மூக்குல முனங்குத மாதிரி ஒரு சத்தம்.

"'வாசிக்காண்டாம்'னு சொன்னாள்லா, அந்த இடம் வரட்டும். அங்கதான் இருக்கு."

அந்த இடம் வந்துச்சு. 'ஆ'. சாந்தமான, உருண்டையான ஒரு 'ஆ'. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் செல்வினுக்கு ஒரு வாரமா ராத்திரி தூக்கம் இல்ல. அது இங்க வந்து, டாக்டர்கிட்ட வாயைத் திறந்து காட்டுத மாதிரி 'ஆ'ங்குது.

"சே!"

"இன்னும் இருக்குல்லா, பாருங்க."

'எந்திரிச்சுப் போவுது'ங்கிற இடத்துல ஒரு 'ஓ'. 'பாட மாட்டேன்'ல ஒரு 'ஏ'. கடைசியா அந்த 'அவ்வளவுதான்'. அதை நம்பித்தான் வந்தாரு மனுஷன். அது ஒரு 'அ', அப்புறம் 'ஊ' மாதிரி ஒண்ணு, அவ்வளவுதான்.

கடைசித் துண்டு வரைக்கும் போயிட்டாரு. திரும்பி முதல்ல இருந்து வந்தாரு. வேர்த்துக் கொட்டுச்சு.

"ஒண்ணுலயும் இல்ல."

"ஒண்ணுலயும் இல்லியா?"

"இல்லங்கேன்! கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க? உங்க மாட்யூல் தின்னுட்டுது. போன்ல இருந்துச்சுல்ல, நீங்களே கோபமா இருக்குன்னு சொன்னீங்கள்ல! இங்க எங்க போச்சு?"

டீச்சர் டீயை ஊத்தி அவரு பக்கம் நகத்துனாங்க. இந்த மாதிரி நேரத்துல ஒருத்தர் டீ குடுத்தா எப்படி எரியும்? செல்வினுக்கு எரிஞ்சுச்சு. குடிக்கல.

"நான் சொல்லுதேன் என்ன பழுதுன்னு. ஒரு துண்டுல இருந்து அடுத்த துண்டுக்குப் போகும்போது இது வழவழன்னு இழைச்சுக் குடுக்குல்ல? அந்த இழைப்புலதான் கோபம் போயிருக்கு."

"அதை நிப்பாட்டலாம். அந்த பட்டன்."

நிப்பாட்டுனாரு. இப்போ துண்டுக்குத் துண்டு டக் டக்குன்னு தாவுச்சு. ஒவ்வொண்ணும் தாவி உக்காந்த இடத்துல அதே கொட்டாவிதான்.

"அப்போ சத்தத்துல இருக்கு. இது எல்லாத் துண்டையும் ஒரே சத்தமா ஆக்கிருதுல்ல? அவ கத்துனதும் முனங்குனதும் ஒண்ணாயிட்டு."

"அதையும் நிப்பாட்டலாம்."

நிப்பாட்டி, மெசேஜை மறுபடி ஏத்துனாரு. சில 'ஆ' பெருசாச்சு, சில 'எ' சிறுசாச்சு. கோபத்தைக் காணோம்.

"டீச்சர், என்னைப் பாத்தா கேணப் பய மாதிரி இருக்கா?"

"இல்லியே."

"பின்ன எதுக்கு நான் சொல்லுத எல்லாத்துக்கும் சரி சரிங்கீங்க? நேரம் போவுது. நான் ஹாலுக்குப் போயி இதை மாட்டணும். அவ முன் வரிசையில வந்து உக்காந்துக்கிட்டு, பாருங்க எங்க அண்ணன் லட்சணத்தன்னு சிரிக்கப் போறா. உங்களுக்கு என்ன? உங்களை யாரு ஜனத்துக்கு முன்னால வராதன்னு சொன்னா?"

"யாரும் சொல்லல, அண்ணாச்சி"ன்னாங்க டீச்சர்.

அந்தப் பதில் செல்வினை இன்னும் கிளப்பிவிட்டுட்டு. பெட்டிய வெடுக்குன்னு தன் பக்கம் இழுத்தாரு. ஒரு வயரைப் பிடுங்கி இங்க குத்துனாரு, இன்னொண்ணை அங்க குத்துனாரு. இப்போ அந்த ஒரே திருகு மூணு வேலை செய்யும். திருப்புனா துண்டும் மாறும், சுருதியும் ஏறும், சத்தமும் ஏறும்.

பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு திருப்பு திருப்புனாரு.

வந்துச்சு பாருங்க! மாடி அதிர்ந்துச்சு. கீழ மிக்சி கடைக்காரரு "என்னம்மா ஆச்சு?"ன்னு சத்தம் போட்டாரு. டார்கஸ் குரல் அச்சு அசலா, சீறிக்கிட்டு, ஆளு நேர்ல நின்னு மூஞ்சியில காறித் துப்புத மாதிரி வந்துச்சு.

செல்வின் திருப்பித் திருப்பி விட்டாரு. தங்கச்சி கத்துனா. மறுபடி திருப்புனாரு. மறுபடி கத்துனா. அவரு முகம் செவந்து, கண்ணு கலங்கி, திருப்பிக்கிட்டே இருந்தாரு.

"இது! இதைத்தான் கேட்டேன்!"

"அப்போ சரியாயிட்டுல்லா? எடுத்துட்டுப் போங்க."

"எப்படிப் போறது? எனக்கு ரெண்டு கையும் கீபோர்டுல வேணும்லா. இதைத் திருப்ப ஒரு கை எங்க இருந்து வரும்? கைய எடுத்தா கொட்டாவி விட ஆரம்பிச்சிருது. நான் சும்மா இருக்க, இது தானாக் கத்தணும்."

"தானாத் திருப்புறதுக்கு ஒரு மாட்யூல் உங்க பெட்டியிலயே இருக்கு."

அட, ஆமா. அது மறந்தே போச்சு அவருக்கு. ஒரு வயரை எடுத்து அதுல இருந்து இதுக்குக் குத்துனாரு. மேல போயி கீழ வந்து, மேல போயி கீழ வந்து, அதுபாட்டுக்கு ஆட்ட ஆரம்பிச்சுச்சு.

டார்கஸ் ஊஊன்னு ஏறி, ஊஊன்னு இறங்குனா.

"இது என்ன, ஐஸ் வண்டியா?"

"வேகத்தைக் கூட்டிப் பாருங்க."

கூட்டுனாரு. ஆம்புலன்ஸ் ஆச்சு. இன்னும் கூட்டுனாரு. கொசு ஆச்சு. ஏற்ற இறக்கத்தை மாத்தி, கண்டபடி தாவுத மாதிரி வச்சுப் பாத்தாரு. கோழிப் பண்ணை ஆச்சு.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துட்டு. அடக்கப் பாத்தாங்க, முடியல.

"சிரிங்க! நல்லாச் சிரிங்க! நீங்களும் அவ கூடச் சேந்து சிரிங்க!" செல்வின் அந்த வயரைப் பிடுங்கி எறிஞ்சாரு. அது சுவத்துல பட்டு, டீ டம்ளர் பக்கத்துல வந்து விழுந்துச்சு.

டீச்சர் சிரிப்பை நிறுத்திட்டாங்க. "மன்னிச்சுக்கோங்க, அண்ணாச்சி. நான் ஒரு தடவை திருப்பிப் பாக்கட்டுமா?"

"என்னமும் செய்யுங்க."

டீச்சர் திருகு மேல ரெண்டு விரலை வச்சாங்க. அதே திருகு, அதே வயர், அதே துண்டுங்க. மெல்லத் திருப்புனாங்க.

டார்கஸ் குரல் வந்துச்சு. கோபம் இல்ல. தெரு முனையில நின்னு யாரையோ கூப்பிடுத மாதிரி வந்துச்சு. கூப்பிட்டுட்டு, காத்திருந்துட்டு, வரலன்னு இன்னொரு தடவை கூப்பிடுத மாதிரி.

செல்வின் ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சுட்டாரு.

"ஃபைலை மாத்திட்டீங்க."

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க! அவ இந்த மாதிரி எனக்கு அனுப்பவே இல்ல. இது வேற எவளோ!"

டீச்சர் திரையைக் காட்டுனாங்க. டார்கஸ் திட்டு. அதே பேரு.

"தள்ளுங்க."

டீச்சர் கைய எடுத்தாங்க. செல்வின் திருகைப் பிடிச்சாரு. பல்லைக் கடிச்சாரு. சர்ருன்னு திருப்புனாரு. தங்கச்சி சீறுனா.

"இந்தா! கேக்குதா? இதுதான் அவ. இதுதான் அவ எனக்குச் சொன்னது."

"கேக்குது."

கைய எடுத்தாரு. 'ஆ'ன்னு நின்னுச்சு.

"இப்போ இல்ல. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

திரும்பக் கைய வச்சாரு. சீறல் வந்துச்சு. எடுத்தாரு. 'ஆ'.

"இதைத்தானே வந்ததுல இருந்து சொல்லுதேன்! உங்களுக்கு விளங்க மாட்டேங்குது. கை வச்சா கோபம் வருது. எடுத்தாப் போயிருது. நீங்க வச்சா அதுவும் இல்ல, வேற என்னமோ வருது. என் கை வச்சாத்தான்..."

நிறுத்திட்டாரு.

அந்த 'ஆ' மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு. அதுல குத்தமும் இல்ல, கெஞ்சலும் இல்ல. வாயத் திறந்துக்கிட்டுச் சும்மா நின்னுச்சு.

செல்வின் பெட்டியைப் பாத்தாரு. லைட்டெல்லாம் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அப்புறம் தன் கையப் பாத்தாரு. நரம்பு பொடைச்சுக்கிட்டு நின்னுச்சு. திருகோட வரி விரல் நுனியில செவப்பாப் பதிஞ்சிருந்துச்சு.

கையத் தொடையில தொடச்சாரு. போகல.

அப்பவும் கோபத்தை விட மனசு வரல அவருக்கு.

"பழுதுன்னா செஞ்சவங்கதானே மாத்தித் தரணும்?"

"பழுது நான் வித்ததுல இருந்தா மாத்தித் தந்துருவேன், அண்ணாச்சி."

டீச்சர் சால்டரிங் கம்பிய எடுத்துக்கிட்டு, விட்ட வேலைக்குக் குனிஞ்சிட்டாங்க.

போன் அடிச்சுச்சு. நிகழ்ச்சி நடத்துற ஜெயசிங்.

"எங்கவே இருக்கீரு? ஹால் நிறைஞ்சுட்டு. உம்ம தங்கச்சி முன் வரிசையில வந்து உக்காந்தாச்சு. மூஞ்சியப் பாத்தா பாட்டுக் கேக்க வந்தவ மாதிரியே தெரியலவே, சண்டைக்கு வந்த மாதிரில்லா இருக்கு."

"வாரேன்"ன்னாரு செல்வின். உறுமலாத்தான் வந்துச்சு. "மேடையில இன்னொரு மைக் போடும்."

"நீரு ஒத்த ஆளுதானவே? யாருக்கு?"

"டார்கஸுக்கு."